உண்மைக் கவிதை நிர்ணய வாரியமும் ஆனார்கானின் ஒப்பாரியும்

கவிதை எது, கவிதை அல்லாதது எது என்று அறியாத இருண்ட காலத்தில் எங்கள் மாவட்டத்து மக்கள் வெறுமனே பாடிக்கொண்டிருந்தார்கள். தொட்டிலை ஆட்டியபடி பாடினார்கள். மணப்பெண்ணைக் குதிரையில் ஏற்றிவிட்டுப் பாடினார்கள். ஈன்ற குட்டியை ஏற்க மறுக்கும் ஆட்டின் காதருகே அமர்ந்து, அது மனம் இரங்கும்வரை பாடினார்கள். யாரிடமும் அனுமதி பெறவில்லை. பெற வேண்டும் என்ற நாணமும் அவர்களுக்கு இல்லை.

இந்த அவலத்தைத் துடைப்பதற்காகத்தான் பதினோரு ஆண்டுகளுக்கு முன் மாவட்டத் தலைநகரில் உண்மைக் கவிதை நிர்ணய வாரியம் நிறுவப்பட்டது. பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றை அதற்கு ஒதுக்கினார்கள். கம்பளியின் வாடை இன்றுவரை அங்கிருந்து போகவில்லை. வாரியத்தார் அதை மரபின் மணம் என்று குறிப்பேட்டில் பதிந்திருக்கிறார்கள்.

வாரியத்தின் முதல் விதி எளிமையானது: சான்று பெறாத கவிதையைப் பொது இடத்தில் பாடுதலும் ஓதுதலும் முணுமுணுத்தலும் கூடாது. பொது இடம் எது என்ற ஐயத்தை, பத்தாண்டு ஆய்வுக்குப் பின் வந்த இரண்டாம் விதி தீர்த்து வைத்தது. அழைப்பு இல்லாமல் எவரும் வரக்கூடிய இடமெல்லாம் பொது இடம். சாவு வீட்டுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஆகவே சாவு வீட்டைப் போன்ற பொது இடம் வேறில்லை.

அக்டோபரில், ஆடுகள் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கிய வாரத்தில், எங்கள் ஊரில் கெரிம் இறந்தான். டிராக்டர் பழுது பார்ப்பவன். செவ்வாய்க்கிழமை காலை ஓர் இயந்திரத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவன், கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுந்தது. உடலை உள்ளே ஒரு பக்கம் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். மனைவி ஆனார்கான் மறுபக்கம் அமர்ந்து, துக்க முறைப்படி கூடாரத்தின் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாழன் நண்பகலில் எடுப்பது என்று முடிவாயிற்று.

ஊர்த்தலைவர் வந்தார். வாசலிலிருந்தே முறைப்படி கதறிக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்.

"எர்கெஷ், உங்க அண்ணன் தங்கமான மனுஷன்" என்றார் கெரிமின் தம்பியிடம். "என் டிராக்டருக்கு மூணு தடவை உசுரு குடுத்தவன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உங்க அண்ணி ஒப்பாரி பாடணும்னா வாரியச் சான்று வேணும். சான்று இல்லாம பாடினா அடக்க அனுமதியில நான் முத்திரை வைக்க முடியாது."

"பாடாம எடுத்தா?"

"தாராளமா எடுங்க. மௌனத்தைச் சட்டம் தடுக்கலையே."

எர்கெஷ் குதிரைக்கு லாடம் அடிப்பவன். நாற்பது வயது. குதிரை காலைத் தூக்கினால் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்வான். கவிதையை எந்தப் பக்கமாகத் தூக்குவது என்று அவனுக்குத் தெரியாது. கூடாரத்துக்குள் போய் அண்ணியின் முதுகைப் பார்த்துச் செய்தியைச் சொன்னான்.

ஆனார்கான் திரும்பவில்லை. சுவரோடு பேசினாள்.

"பதினெட்டு வருஷமா உங்க அண்ணன்கூட சண்டை போட்டிருக்கேன், எர்கெஷ். ஒரு சண்டையிலயாவது கடைசி வார்த்தையை எனக்கு விட்டிருப்பாரா? கதவைச் சாத்திட்டுப் போறப்பகூட வெளியில நின்னு ஒண்ணு சொல்லிட்டுத்தான் போவாரு. இந்த ஒரு தடவை கடைசி வார்த்தை என்னுது. அதைப் பேச விடாம அவரைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா, இந்தச் சுவத்தைவிட்டு நான் திரும்பவே மாட்டேன். சோறு தண்ணி எல்லாம் முதுகுக்குக் காட்டுங்க."

"என்ன பாடுவீங்கன்னு கேப்பாங்களே, அண்ணி?"

"எனக்கு எப்படித் தெரியும்? வெளியில ஆம்பளைங்க கதறினா உள்ள எனக்கு வரும். முன்கூட்டியே வர்றதுக்கு அது என்ன பஸ்ஸா?"

அன்று முழுவதும் ஆட்கள் வந்தார்கள், வாசலில் கதறினார்கள். உள்ளிருந்து ஒப்பாரி எழுந்து அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எழவில்லை. ஆனார்கான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பதில் கிடைக்காத கதறல் பாதியில் நின்று, கதறியவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. அவர்கள் மெதுவாகப் போய்த் தேநீர் குடித்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் எர்கெஷ் வேன் பிடித்து வாரியத்துக்குப் போனான். முன்னறையில் எழுத்தர் நஸீரா ஒரு படிவத்தைத் தள்ளினாள்.

"கவிதையோட தலைப்பு, பாடுபொருள், மொத்தம் எத்தனை அடி, எல்லாம் எழுதுங்க. கவிதையை மூணு படி எடுத்து இணைக்கணும்."

"இனிமேதான்மா பாடணும்."

"பாடாத கவிதைக்கு எப்படிச் சான்று தர்றது?"

"சான்று இல்லாம எப்படிப் பாடறது?"

நஸீரா படிவத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். "நல்ல கேள்விதான். நல்ல கேள்வியெல்லாம் மாடியில" என்றாள்.

முதல் மாடியில் காகிதக் கவிதைப் பிரிவு. அதன் தலைவர் துரார்பெகோவ் மெலிந்த, நெடிய மனிதர். கையில் வெள்ளைப் பருத்தி உறை அணிந்திருந்தார். எர்கெஷ் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் வலி தெரிந்தது.

"பாடறதா? தம்பி, வாயில வந்ததெல்லாம் கவிதையா? வாய் எதுக்கு இருக்கு? சூப் குடிக்க. கவிதை காகிதத்துல இருக்கணும், அந்தக் காகிதம் பூட்டின அலமாரியில இருக்கணும். நான் முப்பது வருஷமா எழுதறேன். இதுவரைக்கும் ஒருத்தன்கூடப் படிச்சதில்ல. வாசகன் கண்ணு பட்டாலே கவிதையில கறை. இந்த மாவட்டத்துல கறை படாத கவிஞன் நான் ஒருத்தன்தான்."

"எங்க அண்ணிக்கு எழுத வராதுங்க. பால் குளிரூட்டும் நிலையத்துல கையெழுத்து மட்டும் போடுவாங்க."

"கையெழுத்து போடுறாங்களா?" துரார்பெகோவ் கொஞ்சம் நிமிர்ந்தார். "அது ஒரு தொடக்கம். ஆனா நாளைக்குள்ள ஆகாது."

இரண்டாம் மாடியில் நாவுக் கவிதைப் பிரிவு. அங்கே சார்தார்பெக், உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, மடியில் கொமூஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை வைத்து அமர்ந்திருந்தார். பாட்டுப் போட்டிகளில் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் பாட்டாலேயே மடக்கும் கலையில் பேர் பெற்றவர்.

"கீழ போனியா? அந்த எலும்புக்கூடு என்ன சொன்னான்? காகிதமா? எழுதின கவிதை செத்த மீனு, தம்பி! கவிதைன்னா நின்ன இடத்துல, நின்ன நிமிஷத்துல வரணும்."

எர்கெஷுக்கு உயிர் வந்தது. "அதேதாங்க! எங்க அண்ணிக்கும் அப்படித்தான் வரும்."

"அப்ப அது கவிதை! எதிராளி யாரு?"

"எதிராளியா?"

"எதிராளி இல்லாம எப்படி? அவங்க ஒரு அடி பாடினா அவன் திருப்பிப் பாடணும். அப்பதான் ஜெயிச்சது யாரு, தோத்தது யாருன்னு நடுவர் சொல்ல முடியும்."

எர்கெஷ் யோசித்தான். "எதிராளி செத்துட்டாருங்க. அதனாலதான் இந்தப் பாட்டே."

சார்தார்பெக் கொமூஸைக் கீழே வைத்தார். "அப்ப சிக்கல். ஒருத்தரே பாடி ஒருத்தரே ஜெயிச்சா அது கவிதையில்ல, குடும்பச் சண்டை. அதுவும் நாளைக்கேன்னு சொல்றே. நின்ன இடத்துல வர்ற பாட்டுக்கு எனக்கே மூணு வாரம் ஒத்திகை வேணும்."

மூன்றாம் மாடியில் தலைவர் ஜாகிபோவ் இருந்தார். அவர் மேசைமீது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள் அவருடைய கவிதைகள், ஏழு தொகுதிகள். வாரியம் பதினோரு ஆண்டுகளில் உண்மைக் கவிதை என்று சான்று வழங்கியது இந்த ஏழு தொகுதிகளுக்கு மட்டும்தான். அந்தச் சான்றில் கையெழுத்திட்டவரும் ஜாகிபோவ்தான். தகுதியான வேறு ஆள் அன்று ஊரில் இல்லை.

"உட்காருப்பா. கவிதைக்கு இலக்கணம் வகுக்கிற வேலை எவ்வளவு கடினம்னு உங்க ஊர்ல யாருக்காவது தெரியுமா? பதினோரு வருஷம்! 'கவிதை என்பது' வரைக்கும் ஒருமனதா நிறைவேத்திட்டோம். அடுத்த சொல்லுக்கு நாலு துணைக்குழு உழைச்சிக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் மக்கள் காத்திருக்கக் கூடாதுன்னு இடைக்காலமா ஒரு பட்டியல் போட்டிருக்கேன்." அவர் ஒரு காகிதத்தை விரித்தார். "மலை ரெண்டுக்குக் குறையக் கூடாது. குதிரை ஒண்ணு. கடைசி அடியில விடியல். உங்க அண்ணி பாட்டுல விடியல் உண்டா?"

"எடுக்கிறது மத்தியானங்க."

"குதிரை?"

"பழுப்புக் குதிரை ஒண்ணு இருக்குங்க. பின்னங்கால் லாடம் தேஞ்சிருக்கு."

"அது உவமையா, உருவகமா?"

எர்கெஷ் நேர்மையானவன். "இன்னும் நடக்குங்க" என்றான்.

ஜாகிபோவ் மணியை அடித்தார். இரண்டு பிரிவும் கூடின. பாடாத கவிதையைக் காகிதத்தில் கேட்டது ஒரு பிரிவு. எதிராளியைக் கொண்டு வரச் சொன்னது ஒரு பிரிவு. நான்கு மணி நேரம் இரு பிரிவும் ஒன்றையொன்று கவிதை அறியாத கழுதைகள் என்று தக்க சான்றுகளோடு நிறுவின. இறுதியில் தலைவர் எழுந்தார். கவிதை வாரியத்துக்கு வர இயலாத நிலையில், வாரியமே கவிதையிடம் செல்லும் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எர்கெஷும் தட்டினான். துக்கத்தில் இருப்பவன் கை தட்டலாமா என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தான்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு வாரியத்தின் வேன் கெரிமின் வீட்டருகே நின்றது. முற்றத்தில் இருநூறு பேர். எர்கெஷ் கூடார வாசலில், உறவின் முறைப்படி, கழியை ஊன்றிக் குனிந்து நின்றான்.

எங்கள் மண்ணில் ஒரு வழக்கம் உண்டு. அதை எந்த வாரியமும் வகுக்கவில்லை. எந்த வாரியமும் மீறியதில்லை. சாவு வீட்டை நோக்கி ஆண்மகன் மௌனமாக நடந்து வரக் கூடாது. வாசலிலிருந்தே கதறிக்கொண்டு வர வேண்டும். வாய் மூடி வருபவன் சாவைக் கண்டு மகிழ வந்தவன் என்று பொருள். ஜாகிபோவ் வேனிலிருந்து இறங்கினார். இருநூறு முகங்களைப் பார்த்தார். தலைவராவதற்கு முன் அவரும் எங்களில் ஒருவர்தான். இரண்டு கையையும் விலாவில் வைத்துக்கொண்டு தொடங்கினார்:

"என் ஈரலே! சாய்ந்த மலையே! என் ஈரலே! சேணம் இறங்கிய குதிரையே! கண்ணுக்கெட்டாத மலைக்கப்பால் என்னை விட்டுப் போனாயோ, என் ஈரலே!"

உடன்பிறந்தவனை ஈரல் என்று அழைப்பது எங்கள் மரபு. கெரிமை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆயினும் குரல் நல்ல குரல். ஏழு தொகுதிகளிலும் எவருக்கும் கேட்காத குரல். சார்தார்பெக் ஒத்திகையில்லாமல் கதறினார். துரார்பெகோவ் கடைசியாக வந்தார். வெள்ளைக் கையுறையோடு வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது கெரிமின் பெயர் அல்ல. "எல்தார்!" என்றார். "எல்தார், என் ஈரலே!" அருகில் நின்றவர்களுக்கு மட்டும் அது கேட்டது. பதினான்கு வயதில் ஆற்றோடு போன அவருடைய தம்பி என்று பின்னர் தெரிந்தது.

அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து குரல் எழுந்தது. இரண்டு நாட்களாகக் கடித்து வைத்த உதடு திறந்துவிட்டது.

"சான்று! சான்று!" என்று ஊர்த்தலைவர் அலறினார். ஜாகிபோவ் கண்ணீரோடு நிமிர்ந்து கையை உயர்த்தினார். "நிறுத்துங்க! வாரியம் இன்னும் முடிவு பண்ணலை!" கூடாரத்துக்குள் குரல் அறுந்தது.

எர்கெஷ் கழியிலிருந்து நிமிர்ந்தான். அவன் கேட்டதில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஐயா, கோச்சுக்காதீங்க. நீங்க இப்ப கதறினீங்களே, அதுக்குச் சான்று வாங்கிட்டீங்களா?"

"அது துக்கம்ப்பா."

"இல்லீங்க, நேத்து நீங்க காட்டின பட்டியல் ஞாபகம் வந்துச்சு. அதான் விரல் விட்டு எண்ணினேன். மலை ரெண்டு வந்துச்சு. குதிரை ஒண்ணு வந்துச்சு."

முற்றத்தின் பின்வரிசையில் ஒருவர், "விடியல் வரலை, எர்கெஷ்" என்றார். "அது கடைசி அடியில வருமாம்" என்றார் இன்னொருவர். "அவர் இன்னும் முடிக்கலையே."

ஊர்த்தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சான்று பெறாத கவிதையை ஒருவர் பாடியிருந்தால் அந்த வீட்டின் அடக்க அனுமதி நின்றுபோகும். பாடியவர் வாரியத்தின் தலைவராக இருந்தால் அவர் பதவியும் நிற்கும். நண்பகலுக்கு நாற்பது நிமிடமே இருந்தது.

வாரியத்தின் அவசரக் கூட்டம் மாட்டுக் கொட்டகையின் பின்னால், கெரிம் கழற்றிப் போட்ட டிராக்டர் டயர்களின்மேல் கூடியது. நஸீரா குறிப்பேட்டைத் திறந்தாள்.

சார்தார்பெக் உற்சாகமாக இருந்தார். "நான் அடிச்சுச் சொல்றேன், தலைவர் பாடினது கவிதை! நின்ன இடத்துல வந்துச்சு. நாவுப் பிரிவு ஒருமனதா ஏத்துக்குது." பதினோரு ஆண்டுகளில் தலைவரின் ஒரு வரியையாவது அவர் புகழ்ந்தது இதுவே முதல் முறை. தலைவரின் நாற்காலி அவர் கண்ணில் தெரிந்தது.

துரார்பெகோவ் கையுறையைக் கழற்றி அதனால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜாகிபோவ் எழுந்தார். அவர் வாழ்நாளில் ஆற்றிய உரைகளில் உண்மை மிகுந்தது அன்று ஆற்றியதுதான் என்பார்கள்.

"நண்பர்களே! நான் கதறியது கவிதையே அல்ல! ஏழு தொகுதி எழுதினவனுக்குத் தெரியாதா? என் கவிதை ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி திட்டம் போடுவேன். யார் மேடையில இருப்பாங்க, யார் பேரு முதல்ல வரணும், எல்லாம் பார்த்துத்தான் எழுதுவேன். இன்னைக்கு அப்படியா? ஒரு திட்டமும் இல்ல. யார் கேக்கறாங்கன்னு பார்க்கலை. அந்த மனுஷன் யாருன்னே எனக்குத் தெரியாது, என்னமோ மனசுல இருந்து அப்படியே வந்துடுச்சு. மனசுல இருந்து வர்றது எப்படிங்க கவிதையாகும்? அப்படி ஆனா இந்த வாரியம் எதுக்கு?"

தீர்மானம் நிறைவேறியது: சாவு வீட்டில், எவர் வாயிலிருந்தும், மனத்திலிருந்து நேரே வருவது எதுவும் கவிதை அல்ல. கவிதை அல்லாததற்குச் சான்று தேவையில்லை. எனினும், தேவையில்லை என்பதற்கு ஒரு சான்று வழங்கப்படும்.

நஸீரா எழுதினாள்; முத்திரை வைத்தாள். எர்கெஷ் அதை வாங்கிக்கொண்டு ஓடினான். ஊர்த்தலைவர் அடக்க அனுமதியைத் தன் முழங்காலில் வைத்தே முத்திரையிட்டார்.

"என்னவாம்?" என்றாள் ஆனார்கான், சுவரைப் பார்த்தபடி.

"நீங்க பாடப்போறது கவிதை இல்லையாம், அண்ணி."

"நான் எப்ப கவிதைன்னு சொன்னேன்? வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளு."

அவள் பாடினாள்:

"செத்த வண்டியெல்லாம் எழுந்தோடத் தொட்டவனே,
தேநீர்க் கிண்ணத்தோடே எனை நிறுத்திப் போனாயே.
எண்ணெய்க்கை துடைத்ததுணி ஆணியிலே ஆடுதய்யா,
துவைத்தால் உன்வாசம் போம், துவைக்காமல் அழுதேனே.
பதினெட்டு ஆண்டாகப் பறித்தாய்என் கடைசிச்சொல்,
இன்றைக்கு எனக்கென்று இங்கேயே விட்டாயே.
வேண்டாம்அச் சொல்எனக்கு, வெளியேநின் றேனும்நீ
எதிர்த்தொன்று சொல்லய்யா, நானே தோற்கிறேனே."

எதிராளி பதில் பாடவில்லை. கொட்டகையின் பின்னால் சார்தார்பெக் தொப்பியைக் கழற்றினார். போட்டிகளில் தோற்றவர் செய்வது அது.

வாரியத்தின் அன்றைய குறிப்பேடு அந்த இடத்தோடு நிற்கிறது. எழுத வேண்டியவள் பேனாவை டயரின்மேல் வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போய், பெண்களோடு பெண்ணாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சரியாக நண்பகலில் கெரிமை எடுத்தார்கள். கடைசிக் குதிரையின் குளம்படியும் ஓய்ந்த பிறகு ஆனார்கான் திரும்பினாள். தேநீர் கேட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் வாரியத்தின் வாசலில் வரிசை நின்றது. தாய்மார்கள் தாலாட்டுக்கு வந்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் வழியனுப்புப் பாட்டுக்கு வந்தார்கள். ஆட்டின் காதில் பாடுகிற கிழவர் ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் வேண்டியது ஒரே சான்று: கவிதை அல்ல. வாரியம் மலர்ந்தது, மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், மாவட்டத்தில் கவிதையின் தூய்மை முழுமையாகக் காக்கப்பட்டது என்று பெருமையோடு குறிப்பிட்டது. அது பொய்யன்று. உண்மைக் கவிதை இன்றும் எங்கள் மாவட்டத்தில் ஏழு தொகுதிகள் உள்ளன. கண்ணாடிப் பெட்டிக்குள் நலமாக இருக்கின்றன. மற்றவை எல்லாம் பாடப்படுகின்றன.

கெரிமின் நாற்பதாம் நாள் நினைவு விருந்தன்று துரார்பெகோவ் வேனில் தனியாக வந்து இறங்கினார். கையுறை இல்லை. வாசலில் ஊர்த்தலைவரைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "எல்தார், என் ஈரலே" என்ற ஒற்றை அடிக்கு அவரே விண்ணப்பித்து வாங்கியிருந்த 'கவிதை அல்ல' சான்று. ஊர்த்தலைவர் முத்திரையைச் சரிபார்த்து வழி விட்டார்.

துரார்பெகோவ் இரண்டு கையையும் விலாவில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கதறியபடி நடந்தார். ஆனார்கான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். தான் பார்த்தறியாத அந்தச் சிறுவனுக்காக உள்ளிருந்து பதில் பாடினாள்.

அது கவிதை அல்ல. முத்திரை இருக்கிறது.